யார் கையில் எந்த நிறம்?

2018 சனவரி 12ஆம் தேதி இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் அறிவிப்பைச் செய்தது. இனி பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம் அச்சிடப்படாது; 'இ.சி.ஆர்.' வகையினருக்கு ஆரஞ்சு நிற அட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்படும். மற்றவர்களுக்கு வழக்கம்போல நீலம். பதினெட்டே நாளில், சனவரி 30ஆம் தேதி, அதே அமைச்சகம் அதைக் கைவிட்டது. கைவிட்டாச்சே, இத்தனை வருடம் கழித்து அதை ஏன் கிளறுகிறாய் என்று தோழர்கள் கேட்கலாம். கைவிடப்பட்டது நிறம் மட்டும்தான். நிறம் போடலாம் என்று யோசிக்க வைத்த அந்த 'வகை' அப்படியே இருந்தது. பதினெட்டு நாள் மட்டும் அது உள்பக்கத்திலிருந்து எழுந்து அட்டைக்கு வெளியே வந்து முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. முகத்தைப் பார்த்துவிட்டோம். அதைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

சென்னையில் இ.சி.ஆர். என்றால் கடற்கரை ஓரமாய்ப் பங்களாக்கள் வரிசையாய் நிற்கிற சாலை. அந்தப் பங்களாக்களுக்குக் கல் சுமந்தவனின் பாஸ்போர்ட்டில் இன்னொரு இ.சி.ஆர். இருக்கிறது என்பது அதில் கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. 'எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு' என்பதன் சுருக்கம் அது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் வந்த ஏற்பாடு. பத்தாம் வகுப்பு தேறாத ஒருவர், சவுதி, குவைத், துபாய், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, லிபியா என்று வரையறுக்கப்பட்ட 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்கிற அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். பெற்றால்தான் விமானத்தில் ஏறலாம்.

இதைப் படிப்பு சார்ந்த பிரிவினை என்று மட்டும் புரிந்துகொண்டால் ஏமாந்துபோவோம். விலக்குப் பட்டியலைப் பாருங்கள். பத்தாவது தேறியவருக்கு விலக்கு, சரி. வருமான வரி கட்டுகிறவருக்கும் விலக்கு. அவர் கைநாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் பெண்டாட்டிக்கும் பிள்ளைகளுக்கும்கூட விலக்கு. அரசு ஊழியருக்கும் அப்படியே. படிப்பு இல்லாவிட்டாலும் பணம் இருந்தால் உங்களை யாரும் 'பாதுகாக்க' வேண்டியதில்லை என்று அரசு நம்புகிறது. படிப்பும் இல்லை, பணமும் இல்லை, அரசு வேலையும் இல்லை என்கிற மூன்று 'இல்லை'யும் ஒரே ஆளிடம் சேர்கிறபோதுதான் முத்திரை விழுகிறது. இந்த மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்து கிடக்கிற தெரு ஊரில் எந்தத் திசையில் இருக்கும் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? சட்டத்தில் சாதி என்ற சொல்லே கிடையாது. தேவைப்படவில்லை.

பெண்களுக்கு இன்னொரு பூட்டு. இந்த வகையைச் சேர்ந்த பெண் முப்பது வயது நிரம்பாமல் அந்த 18 நாடுகளில் வீட்டு வேலைக்குப் போக முடியாது என்பது விதி. அதற்கும் பெயர் பாதுகாப்புதான்.

முத்திரை போடுகிற முறையில் நடந்த ஒரு மாற்றத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு காலத்தில், சோதனை தேவையில்லை என்கிற தகுதி உள்ளவர்களுக்குத்தான் அதைச் சொல்லும் முத்திரை குத்தினார்கள். முத்திரை இல்லாத பாஸ்போர்ட் என்றால் சோதனை உண்டு என்று பொருள். 2007க்குப் பிறகு இது தலைகீழானது. படித்தவரின் பக்கம் வெறுமையாக இருக்கும். வெறுமை என்றாலே தகுதி. படிக்காதவரின் பக்கத்தில் மட்டும் 'இ.சி.ஆர்.' என்று அச்சாகும். நிர்வாக ரீதியில் சின்ன விஷயம்தான், ஒரு பக்கம் குத்திக்கொண்டிருந்ததை மறுபக்கம் குத்துகிறார்கள், அவ்வளவே. ஆனால் யோசித்துப் பாருங்கள். அதுவரை படித்தவன் தனக்கான சலுகையைச் சான்று காட்டிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அதன்பிறகு அவன் இயல்பான குடிமகன் ஆகிவிட்டான். அடையாளம் சுமக்க வேண்டியவன் மற்றவன் என்றாகிவிட்டது. எது இயல்பு, எது குறை என்பதை ஒரு ரப்பர் ஸ்டாம்பின் இடமாற்றம் தீர்மானித்துவிட்டது. ஆரஞ்சு அட்டை ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. 2007இல் போட்ட கோட்டின் மேல்தான் 2018இல் வண்ணம் அடிக்க வந்தார்கள்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் கணக்குத் திறக்க வரும்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் நகல் எடுத்து வாங்கி வைப்போம். முதல் பக்கத்தில் போட்டோ, பெயர், பிறந்த ஊர். அங்கே எல்லோரும் சமம். கடைசிப் பக்கத்தைத் திருப்பும்போதுதான் கவுண்டருக்கு உள்ளே இருப்பவரின் குரல் மாறும். 'வாங்க சார், உக்காருங்க' என்று ஆரம்பித்தது 'எப்பப்பா ஃபிளைட்டு? இங்க கையெழுத்துப் போடு, போடத் தெரியும்ல?' என்று முடிவதை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. அதே ஆள்தான். அதே சட்டைதான். நடுவில் ஒரு தாள் திரும்பியது. அந்தத் தாள் திரும்பும் வரைக்குமாவது ஒரு மனிதனுக்கு 'சார்' கிடைத்தது. ஆரஞ்சு அட்டை வந்திருந்தால் வரிசையில் நிற்கும்போதே பறிபோயிருக்கும். சட்டைப் பையில் பாஸ்போர்ட்டின் ஓரம் தெரிந்தால் போதும்.

இந்தத் திட்டம் எப்படிக் கருக்கொண்டது என்பது இன்னும் விசித்திரம். வெளியுறவு அமைச்சகமும் பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமும் சேர்ந்து மூன்று அதிகாரிகள் கொண்ட ஒரு குழுவை அமைத்திருந்தன. குழுவின் வேலை நல்ல வேலை. தனித்து வாழும் தாய்மார், தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள், தகப்பன் பெயர் போட விரும்பாதவர்கள் இவர்களின் சிக்கலைத் தீர்ப்பது. பெற்றோர் பெயர், கணவன் மனைவி பெயர், முகவரி எல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று குழு யோசித்தது. வரவேற்க வேண்டிய யோசனை, சந்தேகமே இல்லை. தகப்பன் பெயர் இல்லாமல் ஒரு பிள்ளை உலகத்தைச் சுற்றிவரலாம் என்றால் அதைவிட நமக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அதே பக்கத்தில்தான் இ.சி.ஆர். முத்திரையும் இருந்தது. பக்கம் போனால் முத்திரை எங்கே போகும்? அட்டைக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று. ஒரு பிரிவினரின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற எடுத்த தாள், இன்னொரு பிரிவினரின் அந்தரங்கத்தைச் சந்தையில் கொண்டுபோய் விரித்தது. முகவரி வெளியே தெரிவது ஒருவருக்குச் சங்கடம் என்பது புரிந்த அதே அதிகாரிகளுக்கு, 'நான் பத்தாவது தேறாதவன்' என்று கையில் பிடித்துக்கொண்டு நடப்பது ஒருவருக்குச் சங்கடம் என்பது புரியவில்லை. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட அப்படியொரு பாஸ்போர்ட்டைச் சுமந்தவராக இருக்க வழியில்லை.

தொழில்நுட்பக் காரணம் என்று வாதாடுகிறவர்களுக்கு ஒரு சொல். குடிபெயர்வு அனுமதியைக் கணினி வழியே பதிவு செய்யும் 'இ-மைகிரேட்' ஏற்பாடு அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. விமான நிலையத்து அதிகாரி எண்ணைத் தட்டினால் வகை தெரிந்துவிடும்படி செய்திருக்கலாம். அதிகாரி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது. அதை ஏன் விமானப் பணிப்பெண்ணும், டாக்சிக்காரரும், ஓட்டல் வரவேற்பாளரும், அரபு முதலாளியும், பக்கத்து இருக்கை ஐ.டி. பையனும் தெரிந்துகொள்ள வேண்டும்? அனுமதி தேவைப்படுவது 18 நாடுகளுக்கு, அதுவும் வேலைக்குப் போனால் மட்டும். அட்டையோ எல்லா நாட்டுக்கும் கூடவே வரும். மகள் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போகிற ஒரு தாய்க்கு எந்தக் குடிபெயர்வுச் சோதனையும் கிடையாது. ஆனாலும் அவர் கையில் ஆரஞ்சுதான் இருந்திருக்கும்.

பாஸ்போர்ட்டுக்கு ஏற்கனவே நிறங்கள் உண்டே என்றும் சிலர் கேட்டார்கள். உண்டு. தூதரகப் பணியாளருக்கு மெரூன், அரசு அலுவலாகப் போவோருக்கு வெள்ளை, மற்றவருக்கு நீலம். அந்த மெரூனும் வெள்ளையும் பதவியின் நிறம். நாற்காலியை விட்டு இறங்கினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நீலத்துக்கு வந்துவிட வேண்டும். ஆரஞ்சு நாற்காலிக்கு உரிய நிறமாக இருக்கவில்லை. ஆளுக்கே பூசப்பட்ட நிறம். மேலே இருப்பவரை உயர்த்திக் காட்டும் நிறங்கள் இருந்த அடுக்கில், கீழே இருப்பவரைக் கீழே என்று காட்டுவதற்காகவே ஒரு நிறம் முதன்முறையாகச் சேர்க்கப்பட இருந்தது.

இந்த மண்ணுக்கு இது புதுசில்லை. பேஷ்வாக்கள் ஆட்சியில் தீண்டத்தகாதவர்கள் கையிலோ கழுத்திலோ கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். காரணம் என்ன? தெரியாத்தனமாக ஓர் இந்து அவர்களைத் தொட்டுத் தீட்டுப்பட்டுவிடக் கூடாதாம். அதாவது, அந்தக் கயிறு கட்டியவனின் பயன்பாட்டுக்கானது இல்லை. எதிரே வருகிறவனின் வசதிக்கானது. அடையாளம் சுமக்கிறவன் ஒருவன், அதனால் சௌகரியம் அடைகிறவன் இன்னொருவன். பூனா வீதியில் இருந்த இந்தக் கணக்கு விமான நிலையக் கவுண்டருக்கும் பொருந்திப்போகிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அம்பேத்கர் தன் அவமானங்களை எழுதிவைத்த சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர் வைத்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவருக்குப் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை.

எதிரே நிற்பவனின் வசதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு சாட்சி. 1938இல் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு யூத அகதிகள் சுவிட்சர்லாந்து எல்லையில் குவிந்தார்கள். சுவிஸ் அதிகாரிகளுக்கு ஒரு சிக்கல். ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருக்கிற எல்லோருக்கும் விசா கட்டாயம் என்று சொன்னால் வியாபாரிகளும் சுற்றுலாப் பயணிகளும் சிரமப்படுவார்கள். ஜெர்மன் அரசும் முகம் சுளிக்கும். யூதரை மட்டும் பார்த்தவுடன் பிரித்தெடுக்க ஏதாவது குறி இருந்தால் தேவலை. இரண்டு அரசுகளும் பேசின. 1938 அக்டோபர் 5ஆம் தேதி யூதர்களின் பாஸ்போர்ட்டுகள் செல்லாதவை என்று ஜெர்மனி அறிவித்தது. சிவப்பு மையில் 'ஜே' என்ற எழுத்துக் குத்திய பிறகே அவை மீண்டும் செல்லுபடியாகின. ஆரஞ்சு அட்டையும் சிவப்பு 'ஜே'யும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் செத்துப்போன லட்சக்கணக்கானவர்களைக் கொச்சைப்படுத்துவதாகும். நான் சுட்டிக்காட்டுவது அதன் பிறப்பை. வெறிபிடித்த நாஜி ஒருவனின் மூளையில் மட்டும் அது பிறந்துவிடவில்லை. வரிசை தாமதமாகக் கூடாது, 'நல்ல' பயணிகளுக்குத் தொந்தரவு வரக் கூடாது என்று கவலைப்பட்ட, கோப்பு பார்க்கிற, ஒழுங்கான அலுவலர்களின் பேச்சுவார்த்தையிலும் அது பிறந்தது.

சரி, அட்டை ஒரே நிறமாக இருந்துவிட்டால் போதுமா? போதாது. பிரிட்டன் அதற்கு உதாரணம். கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கானோர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தார்கள். கென்யாவில் நெருக்கடி முற்றியபோது அவர்கள் லண்டனுக்கு வரத் தொடங்கினார்கள். 1968இல் மூன்றே நாளில் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் ஓட்டி, பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால்தான் தடையில்லாமல் உள்ளே வரலாம் என்றார்கள். அட்டையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பாஸ்போர்ட் கையில் இருந்தது, நாடு இல்லை. ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1973இல் இதை இனப் பாகுபாடு என்றும், மனிதரை இழிவுபடுத்தும் நடத்தை என்றும் கண்டது. பிறகும் பிரிட்டன் தன் தேசியத்தைப் பல வகையாகக் கூறு போட்டுத்தான் வைத்திருக்கிறது. வெளியே ஒரே நிறம், உள்ளே பல சாதி. நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான்.

இந்தியாவுக்கே திரும்புவோம். ஏழைக்கு எளிதில் பாஸ்போர்ட் தரக் கூடாது என்ற எண்ணம் நம் வெளியுறவுத் துறைக்கு 1983இல் வந்ததல்ல. 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்ற பதவிப் பெயரே ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய வெள்ளைக்காரன் காலத்துப் பெயர். மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களைப் பாதுகாத்த லட்சணம் அந்தந்த நாடுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தெரியும். 1947க்குப் பிறகு வந்தவர்கள் அந்த அவமானத்தை வேறுமாதிரி துடைக்க நினைத்தார்கள். 'கூலி' என்ற பெயர் இந்தியாவுக்கு வெளிநாட்டில் இனி வரக் கூடாது. ஆகவே கூலிகளை வெளியே விடக் கூடாது. பிரிட்டனுக்குப் போக விரும்பிய எழுத்தறிவற்றவர்கள், கைத்தொழில் இல்லாதவர்கள், தெருவில் துணி விற்கப் போனவர்கள் இவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. வரலாற்றாய்வாளர் கலாத்மிகா நடராஜன் இந்தக் காலத்துப் பாஸ்போர்ட் கொள்கைக்குள் சாதியும் வர்க்கமும் எப்படி வேலை செய்தன என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். பாஸ்போர்ட் என்பது அரசு விரும்பினால் கொடுக்கிற சலுகை என்பதே அன்றைய வாதம்.

அந்த வாதத்தை உடைத்தது 1967இல் வந்த சத்வந்த் சிங் சாஹ்னி வழக்குத் தீர்ப்பு. உச்சநீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் மூவர், வெளிநாடு போகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் தனிமனித விடுதலைக்குள் அடங்கும் என்றார்கள். சட்டமே இல்லாமல் அதிகாரியின் இஷ்டத்துக்கு ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுப்பது 14ஆம் பிரிவின் சமத்துவத்துக்கு விரோதம் என்றார்கள். அதன் விளைவாகத்தான் அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. வழக்குப் போட்டவர் ஒரு தொழிலதிபர். அவருக்கு வழக்குரைஞர் வைக்க வசதி இருந்தது. அவருக்கு முன்னால் இருபது வருடமாய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாரும் உச்சநீதிமன்றம் வரை வரவில்லை.

2018இல் எதிர்ப்பு எழுந்தது. கேரள முதல்வர் பினராயி விஜயன் பிரதமருக்கு எழுதினார். ராகுல் காந்தி, புலம்பெயர் தொழிலாளரை இரண்டாந்தரக் குடிமக்களாக நடத்துவதாகக் கண்டித்தார். கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் நடத்திய ஆலோசனைக்குப் பிறகு இரண்டு முடிவும் ரத்தானது. ஆமாம், இரண்டும். ஆரஞ்சும் போனது, கடைசிப் பக்கத்தை நீக்கும் திட்டமும் போனது. தகப்பன் பெயரில்லாத பிள்ளைகளுக்காக ஆரம்பித்த வேலை அவர்களுக்கும் கிடைக்காமல் முடிந்தது. ஒடுக்கப்பட்ட ஒருவரின் கோரிக்கையை இன்னொருவரின் தலையில் ஏற்றிவைத்து, பிறகு இரண்டையும் சேர்த்துக் கீழே போடுகிற வித்தை அதிகார வர்க்கத்துக்குக் கைவந்த கலை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வகைப்பாட்டால் தொழிலாளிக்குப் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இ.சி.ஆர். வகையில் போகிறவர்களுக்குக் கட்டாயக் காப்பீடு இருக்கிறது. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். வேலை ஒப்பந்தத்தை யாரோ ஒருவர் படித்துப் பார்க்கிறார். அது வேண்டாம் என்று குவைத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயிடமும் நான் போய்ச் சொல்லமாட்டேன். நம் கேள்வி வேறு. பாதுகாப்பு வேண்டுமென்றால் ஏஜெண்டைக் குறி போடுங்கள். சம்பளத்தைப் பிடித்துவைக்கிற கம்பெனியைக் குறி போடுங்கள். போனவுடன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பெட்டியில் பூட்டுகிற கஃபீலின் பெயரை விமான நிலையத்தில் ஆரஞ்சுப் பலகையில் எழுதி மாட்டுங்கள். ஏமாற்றுகிறவன் நீல அட்டையோடு பறந்துகொண்டிருக்க, ஏமாற்றப்படக் கூடியவன் நெற்றியில் ஒட்டுவது என்ன நியாயம்? அந்த முத்திரைக்குப் பயந்துதான் பையன்கள் சுற்றுலா விசாவில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். போலி மதிப்பெண் சான்றிதழ் விற்கிறவன் பிழைப்பதும் அந்த முத்திரையால்தான். அனுமதி இல்லாமல் போனவன் செத்தால் அந்த 10 லட்சமும் கிடையாது.

1983 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவர 2019இலும் 2021இலும் வரைவுகள் வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். எத்தனை தொழிற்சங்கங்கள், எத்தனை தலித் அமைப்புகள் அவற்றைப் படித்தன என்று நாம் நமக்குள் கேட்டுக்கொள்ளலாம். வரைவு வரும்போதெல்லாம் நம் கை அதில் பட வேண்டும்.

அதுவரை கல்லூரித் தோழர்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்தபோது பத்தாவது முடிக்காதவர்கள் பின்னால் தனித்தேர்வு எழுதித் தேறியிருந்தால், சான்றிதழைக் காட்டி முத்திரை இல்லாத புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்களும், ஐம்பது வயதைத் தாண்டியவர்களும்கூட விண்ணப்பிக்கலாம். தெருவில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களிடம் ஏஜெண்ட் ஆயிரக்கணக்கில் கறக்கிறான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீடு வீடாய்ப் போய்ப் பெட்டியிலிருக்கிற பாஸ்போர்ட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். அனுமதி பெற்றுப் போகிறவர்களிடம் காப்பீட்டுத் தாளின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.